ராத்திரி எண்ணிய துட்டு: ராயபுரத்திலிருந்து இலங்கைக்குக் கப்பலில் ஆறு நாள்

கிளம்ப இன்னும் மூன்று நாள், மண்ணடி

எங்கள் வீடு ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால். மொட்டை மாடிக்குப் போனால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். கப்பல் ஊதும் சத்தம் கேட்டுத்தான் இத்தனை வருடம் தூங்கியிருக்கிறேன். அப்பா முப்பது வருடத்துக்கு மேல் அங்கே மூட்டை இறக்கியவர். அம்மா ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை, பாஸ் இல்லாமல் விடமாட்டார்கள். 2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் விடத் தொடங்கியபோது மாடியில் நின்று, அது கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மனதில் முடிச்சுப் போட்டது. இரண்டு வருடம் கட்டிய சீட்டை இப்போது எடுத்திருக்கிறேன். நானும் அம்மாவும் போகிறோம். சென்னை, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை, மறுபடியும் சென்னை. ஐந்து இரவு.

நான் பாரிமுனைப் பக்கம் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதுகிறவள். அதனால் இந்தத் தொடரில் கடலைவிடக் காசைப் பற்றித்தான் அதிகம் வரும். டிக்கெட் வாங்கிய நாளிலிருந்து தெரிந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்டதும் அதுதான்: கப்பலில் எப்படிப் பணம் கட்டுவது, எவ்வளவு எடுத்துப் போவது, எந்த நாட்டுப் பணம்?

இன்று மதியம் மண்ணடிக்குப் போனேன். அங்கப்ப நாயக்கன் தெரு, தம்புச் செட்டித் தெருப் பக்கம் பணம் மாற்றும் கடைகள் நிறைய உண்டு. பர்மா பஜார் ஓரமாக நடந்தால் "டாலர் வேணுமாக்கா?" என்று காதோரம் கேட்கிறவர்களும் உண்டு. 1969இல் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காகப் போட்டுக் கொடுத்த கடைவீதி அது. நான் மதிக்கிற இடம். ஆனாலும் பணம் மாற்ற நடைபாதை வேண்டாம். ரிசர்வ் வங்கி உரிமம் சுவரில் மாட்டியிருக்கும் கடைக்குப் போங்கள், ரசீது வாங்குங்கள். கள்ள நோட்டு வந்தாலும், மிச்சத்தைத் திருப்பி மாற்றப் போனாலும், அந்த ரசீதுதான் பேசும்.

மூன்று கடையில் விசாரித்தேன். இலங்கை ரூபாயும் கிடைத்தது, ஆனால் நம் ஒரு ரூபாய்க்கு 3 ரூபாய் 20 காசுதான் கொடுத்தார்கள். டாலர் வாங்கிப் போய் அங்கே மாற்றினால் அதைவிடக் கூடுதலாக வரும் என்று கணக்குப் போட்டு, 200 டாலர் வாங்கினேன். டாலர் 88 ரூபாய் வீதம் 17,600. ஜிஎஸ்டி 45 ரூபாய். இந்த 45 எப்படி வருகிறது என்று கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார். மாற்றும் தொகை ஒரு லட்சம் வரை இருந்தால் அதில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். அது 250 ரூபாய்க்குக் குறைந்தால் 250 என்றே வைப்பார்கள். அதன் மேல் 18 சதவீதம். ஆக, 50 டாலர் வாங்கினாலும் 45 ரூபாய்தான், 200 வாங்கினாலும் 45தான். இரண்டு தடவை போய்க் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் இரண்டு 45. ஒரே தடவையாக வாங்கிவிடுங்கள்.

பாஸ்போர்ட் காட்ட வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் போனால் ரொக்கமாகக் கட்ட முடியாது, வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும். இன்னொன்று: நம் ரூபாயை நோட்டாக எவ்வளவு வேண்டுமானாலும் வெளியே கொண்டுபோக முடியாது. நேபாளம், பூடான் தவிர மற்ற நாடுகளுக்கு ஒருவர் 25,000 ரூபாய் வரைதான் எடுத்துப் போகலாம். எங்கள் இருவரிடமும் சேர்த்தே 20,000தான், கவலை இல்லை.

டாலர் நோட்டுகளை எண்ணி வாங்கும்போது ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். பேனாக் கிறுக்கல், ஓரக் கிழிசல், முத்திரை எதுவும் இருந்தால் வெளியூரில் வாங்கத் தயங்குவார்கள். இரண்டு நோட்டை மாற்றித் தரச் சொன்னேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. நூறாக வேண்டாம், ஐம்பது இருபதாகக் கொடுங்கள் என்றும் கேட்டு வாங்கினேன். மாற்றுகிற அளவுக்கு மட்டும் மாற்றலாமே.

கிளம்ப ஒரு நாள், வீடு

இன்று முழுக்கப் போன் வேலை. இதைத் தவறவிட்டால் கடலில் ஒன்றும் செய்ய முடியாது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். ரிசர்வ் வங்கி விதிப்படி, 2020 அக்டோபரிலிருந்து புதிதாகக் கொடுக்கிற கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் வேலை செய்யும். வெளிநாட்டில் பயன்படுத்த, வங்கிச் செயலியில் நாமே போய்த் திறந்துவிட வேண்டும். அதற்கு ஓடிபி வரும். நடுக்கடலில் சிக்னல் இல்லாமல் அந்த ஓடிபி எப்படி வரும்? வீட்டிலேயே திறந்து, உச்சவரம்பை 25,000 என்று போட்டுக்கொண்டேன்.

யுபிஐயும் அப்படித்தான். 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கைக் கடைகளில் யுபிஐ வேலை செய்கிறது. ஆனால் செயலிக்குள் போய் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் தனியாகத் தொடங்கி வைக்க வேண்டும்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டே கேட்டாள். "ஏண்டி, கப்பல்ல துட்டே வாங்க மாட்டாங்களா? அட்டையத் தேய்ச்சா அது எங்கேர்ந்து போவுது?"

சாப்பாடு டிக்கெட்டிலேயே அடக்கம், மற்றதெல்லாம் அறைக் கணக்கில் ஏறும், கடைசி நாள் மொத்தமாகக் கட்ட வேண்டும் என்றேன்.

"அப்போ ராத்திரி எண்ணிப் பாக்க ஒண்ணும் இருக்காதா?"

அப்பா வாரக் கூலி கொண்டுவரும் நாளில் அம்மா அதை வாங்கியதும் ஒரு தடவை எண்ணுவாள், படுக்கும் முன் இன்னொரு தடவை எண்ணுவாள். இரண்டும் ஒத்துப் போனால்தான் விளக்கை அணைப்பாள். அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது, அந்தப் பழக்கம் போகவில்லை. கப்பலிலும் தினம் ராத்திரி கணக்கை வாங்கி உனக்குப் படித்துக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

முதல் நாள், சென்னைத் துறைமுகம்

வீட்டிலிருந்து துறைமுக வாசலுக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிட தூரத்தைத் தாண்ட அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயதாகியிருக்கிறது. உள்ளே நுழைந்ததும் அவள் ஒன்றும் பேசவில்லை, என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

குடியேற்றப் பரிசோதனை முடிந்து அறை அட்டை கொடுக்கும் மேசையில் கேட்டார்கள்: கிரெடிட் கார்டைப் பதிகிறீர்களா, ரொக்க முன்பணம் கட்டுகிறீர்களா? எங்கள் கப்பலில் கணக்கு இந்திய ரூபாயில். எல்லாக் கப்பலிலும் அப்படி இல்லை. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் அமெரிக்க நிறுவனக் கப்பல்களில் போனால் காபிகூட டாலரில்தான் கணக்கில் ஏறும். டிக்கெட் வாங்கும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் 10,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். கார்டைப் பதிந்தால் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். கிரெடிட் கார்டு என்றால் வரம்பு குறையும், அவ்வளவுதான். டெபிட் கார்டு என்றால் நம் சொந்தப் பணமே முடங்கும், பயணம் முடிந்தும் சில நாள் கழித்துத்தான் விடுபடும். தவிர, கணக்கு ரூபாயில் இருந்தாலும் பணத்தை வாங்கும் வங்கி வெளிநாட்டில் இருந்தால் நம் வங்கி அதற்கொரு கட்டணம் போட இடமுண்டு. ரொக்கத்தில் அந்தச் சந்தேகம் இல்லை. அம்மாவுக்கும் அதுதான் பிடித்தது. எண்ணிக் கொடுத்து, ரசீது வாங்கி, சுருக்குப்பையில் மடித்து வைத்துக்கொண்டாள்.

ஏறும் படியில் ஒருவர் படம் எடுத்தார். எடுப்பது இலவசம், அச்சுப் பிரதி வேண்டுமென்றால்தான் காசு.

அறைக்குப் போனதும் குளிர்பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருக்கும் குளிர்பானம், கொறிக்கும் பொட்டலம் எல்லாவற்றுக்கும் விலைச் சீட்டு இருந்தது. அம்மாவின் மாத்திரை டப்பாவை அதில் வைக்க வேண்டியிருந்தது. எதையும் இடம் மாற்றாமல் ஓரமாக வைத்தேன். ஒரு கடலைப் பொட்டலத்தை அம்மா பிரித்துவிட்டாள். 150, வரியோடு 177. "வேர்க்கடலைக்கு நூத்தி எழுபத்தி ஏழா!" என்று அதைப் பாதியாக மடித்து மூன்று நாளைக்கு வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாள்.

சாயங்காலம் கப்பல் நகர்ந்தது. மேல்தளத்தில் எல்லோரும் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வடக்குப் பக்கக் கம்பியைப் பிடித்து நின்றோம். காசிமேடு விசைப்படகுகள், அதற்குப் பின்னால் எங்கள் ஊர். எந்த மாடி நம் மாடி என்று அம்மா தேடினாள். அந்தக் காலத்தில் அப்பா சிதம்பரம் கப்பலுக்குச் சுமை ஏற்றியதைச் சொன்னாள், சிங்கப்பூர் போகும் கப்பல். 1985இல் தீப்பிடித்த பிறகு அது ஓடவில்லை.

அங்கேயே இரண்டு காபி. ஒன்று 220. பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் வரி தனி. ஆக 519 ரூபாய் 20 காசு. சாப்பாட்டுக் கூடத்தில் காபி இலவசம் என்று அப்புறம்தான் தெரிந்தது. முதல் நாளே எது அடக்கம், எது தனி என்று கேட்டுவிடுங்கள்.

சிக்னல் போகும் முன் இதைப் போடுகிறேன். போனை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டேன். கடலில் போன் தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும், அந்தக் கட்டணம் நம் ஊர் ரீசார்ஜில் வராது.

இரண்டாம் நாள், கடலில்

(இதை அம்பாந்தோட்டையில் இறங்கியதும் போடுகிறேன்.)

நாள் முழுக்கத் தண்ணீர். அம்மாவுக்குக் காலையில் தலைசுற்றல், வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரை போட்டதும் சரியானது. கப்பல் மருத்துவரைப் பார்த்தால் அதற்குத் தனிக் கட்டணம், அதனால் சின்ன மருந்துகளைக் கையோடு எடுத்து வாருங்கள்.

இன்று எழுத வேண்டியது ராத்திரி நடந்தது. சொன்னபடி வரவேற்பு மேசைக்குப் போய்க் கணக்கு கேட்டேன். அச்சடித்துக் கொடுத்தார்கள். காபி 519.20, கடலை 177. அதற்குக் கீழே 1,180 ரூபாய்: நீச்சல்குளத்துப் பக்கம் இரண்டு பழரசக் கலவை, முந்தைய இரவு 11:40. அந்த நேரத்தில் நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம்.

எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. நாம் வாங்கவில்லை என்று எப்படி நிரூபிப்பது? ஆனால் மண்டியில் இருபது வருடம் பில் பார்த்த அனுபவம் கைகொடுத்தது. கையெழுத்துப் போட்ட சீட்டைக் காட்டுங்கள் என்று கேட்டேன். மேசையில் இருந்த பெண் தேடி எடுத்து வந்தார். அறை எண் 4038 என்று யாரோ அவசரமாக எழுதியிருக்கிறார்கள், 8 பார்க்க 3 மாதிரி இருந்தது. எங்கள் அறை 4033. கையெழுத்தும் யாருடையதோ. அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டு அங்கேயே நீக்கிவிட்டு, திருத்திய கணக்கைக் கொடுத்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, கைப்பிழைதான். ஆனால் கடைசி நாள் காலை வரிசையில் நின்று இதைக் கண்டுபிடித்திருந்தால்? ஐந்து நாளுக்கு முந்தைய சீட்டை யார் தேடுவது? தினமும் கேட்டால் நேற்று நடந்தது நமக்கும் ஞாபகம் இருக்கும், அவர்களுக்கும் சீட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கணக்கு கேட்பது கஞ்சத்தனம் இல்லை, கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

அறைக்கு வந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஐந்தாவது வரை படித்தவள். தமிழ் படிப்பாள், இந்த இங்கிலீஷ் காகிதம் அவளுக்குப் புரியாது. ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். கடைசியில் கேட்டாள், "நீ இல்லாம நா மட்டும் வந்திருந்தா, அந்தத் துட்டு போயிருக்கும்ல?"

போயிருக்கும்மா, என்றேன்.

மூன்றாம் நாள், அம்பாந்தோட்டை

கதிர்காமம் போவதற்காகவே இந்தப் பயணத்தை எடுத்தோம் என்று சொன்னாலும் தவறில்லை. அருணகிரிநாதர் பாடிய முருகன். இதற்கு மட்டும் கப்பல்காரர்கள் நடத்தும் பேருந்துப் பயணத்துக்கு முன்கூட்டியே கட்டியிருந்தேன். வெளியே வண்டி பிடித்தால் செலவு குறைந்திருக்கும். ஆனால் இது தூரமான இடம். வழியில் தாமதமானால், கப்பலின் சொந்தப் பேருந்துக்குக் கப்பல் காத்திருக்கும். நாமாகப் பிடித்த வண்டிக்குக் காத்திருக்காது. தூரத்துக்குக் கப்பல் பேருந்து, பக்கத்துக்கு ஆட்டோ என்று பிரித்துக்கொண்டேன்.

இறங்கிய இடத்தில் ஒரு வங்கி மேசை போட்டிருந்தார்கள். 50 டாலர் கொடுத்தேன், 298 வீதம் 14,900 இலங்கை ரூபாய். நான் கொடுத்த 4,400 ரூபாய்க்கு, ரூபாய்க்கு ஏறக்குறைய 3.39 வருகிறது. மண்ணடியில் கேட்ட 3.20ஐவிட நல்லது. பக்கத்தில் ஒருவர் நம் 500 ரூபாய் நோட்டுகளை நேரடியாக மாற்றினார், அவருக்கு இன்னும் குறைவாகவே கொடுத்தார்கள்.

அம்மா அந்த நோட்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்தாள். இலங்கை நோட்டின் முன்பக்கம் பறவையும் வண்ணத்துப்பூச்சியும் இருக்கும், பின்பக்கம் நடனக் கலைஞர்கள். அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை. நோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படித்தாள்: "இலங்கை மத்திய வங்கி."

திரும்பி என்னைப் பார்த்தாள். "தமிழ்ல எழுதிக்கிதுடி!"

நம் நோட்டிலும் பின்பக்கம் பதினைந்து மொழிகளில் ஒன்றாகச் சின்ன எழுத்தில் தமிழ் உண்டு. சிங்கப்பூர் நோட்டிலும் சிங்கப்பூர் என்று தமிழில் இருக்கும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் கப்பலில் ஒரு காகிதமும் படிக்க முடியாமல் மூன்று நாளாக என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவள், வேறொரு நாட்டுப் பணத்தைத் தானே படித்ததைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. உடனே அத்தனை நோட்டையும் வாங்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். "கப்பல் கணக்கு ஒன்னுது. இந்தத் துட்டு என்னுது. நாந்தான் செலவு பண்ணுவேன்."

சரி என்றேன். விலையை நம் ரூபாயில் புரிந்துகொள்ள ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன்: அங்கே எழுநூறு என்றால் இங்கே இருநூறு. கொஞ்சம் கூடும், ஆனால் கடை வாசலில் நின்று யோசிக்க இது போதும். ஆயிரத்து நானூறு என்றால் நானூறு, இரண்டாயிரத்து நூறு என்றால் அறுநூறு. அம்மாவுக்கு ஒரே தடவையில் பிடிபட்டது. கல்மண்டபம் மார்க்கெட்டில் படி, கிலோ, கூறு எல்லாம் மனக்கணக்காகப் போடுகிறவள்.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் கால் நனைத்தோம். பழத்தட்டு 1,400. செவ்விளநீர் இரண்டு 400. சந்நிதியில் திரைதான் தெரியும், அதன் மேல் வரைந்த முருகன். அம்மா வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. இதைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

நான்காம் நாள், திருகோணமலை

கோணேசர் கோயில் துறைமுகத்துக்குப் பக்கம்தான். அதனால் ஆட்டோ.

"கோணேசர் கோயிலுக்கோ அம்மா?" என்று கேட்ட ஓட்டுநர் போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து 3,500 சொன்னார்.

அம்மா விரலை மடக்கினாள். "ஆயிரமா? தோ இருக்கற கோயிலுக்கா? எண்ணூறு ரூபா நம்ப துட்டுல, அதுக்கு மேல குடுக்க மாட்டேன் தம்பி."

அவர் சிரித்துவிட்டார். "எங்கட காசில ரெண்டாயிரத்து எண்ணூறு. சரி அம்மா, ஏறுங்கோ." என் உதவி இல்லாமலே பேரம் முடிந்தது.

கோட்டைக்குள் மான்கள் சாதாரணமாகத் திரிகின்றன. மேலே போனால் பாறை, அதன் உச்சியில் கோயில், கீழே செங்குத்தாகக் கடல். திருஞானசம்பந்தர் பதிகம் உள்ள தலம். கப்பல் தளத்திலிருந்து பார்த்த கடல் வேறு, இங்கே நின்று பார்க்கும் கடல் வேறு.

மதியம் மீன் சாப்பாடு இருவருக்கும் 2,100. அதன் பிறகு ஒரு தேநீர்க் கடையில் க்யூஆர் அட்டையைப் பார்த்தேன். ரோல்ஸ், தேநீர், ஊருக்குக் கொஞ்சம் தேயிலை, எல்லாம் சேர்த்து 700. யுபிஐயில் முயன்றேன். போனில் 207 இந்திய ரூபாய் என்று காட்டியது, பின் எண்ணைப் போட்டதும் முடிந்தது. அனுமதி கொடுக்கும் முன்பே நம் ரூபாயில் எவ்வளவு என்று தெரிந்துவிடுவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். கரையில் ரோமிங் இணைப்பு வேண்டும், எல்லாக் கடையிலும் அட்டை இருப்பதில்லை. அடுத்த கடையிலேயே வேலை செய்யவில்லை.

கப்பலுக்குத் திரும்பியபோது படமெடுத்தவர் சட்டத்தில் மாட்டி வைத்திருந்தார். அம்மாவும் நானும் ஏணிப்படியில், பின்னால் சென்னைத் துறைமுகத்துக் கிரேன்கள். 900, வரியோடு 1,062. நான் தயங்கினேன். அம்மா தயங்கவில்லை. "உங்கப்பா வேலை செஞ்ச எடம் அதுல தெரியுது. வாங்கு."

ராத்திரிக் கணக்கு: காபி, கடலை, படம். மூன்று வரி. சரியாக இருந்தது.

ஐந்தாம் நாள், காங்கேசன்துறை

தண்டையார்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதியோடு சேர்ந்து வேன் பிடித்தோம். 6,000, எங்கள் பங்கு 3,000. நேராக நல்லூர்.

நல்லூரில் அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். கோயிலின் பெயரும் திருவிழாவும் எவ்வளவு பெரியவை, சீட்டு இன்னும் ஒரு ரூபாய்தான். அதற்குச் சில்லறை வேண்டுமே என்று அம்மா நேற்றே ஆட்டோக்காரரிடம் கேட்டு ஒரு நாணயம் வாங்கி வைத்திருந்தாள். இதை எப்படித் தெரிந்துவைத்திருந்தாள் என்று கேட்டால், பூக்கடையில் யாரோ சொன்னார்களாம்.

கைத்தறிச் சேலை ஒன்று அக்காவுக்கு வாங்கினேன், 9,800. கையில் அவ்வளவு ரொக்கம் இல்லாததால் கார்டு. இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். இயந்திரம் கேட்டது: இந்திய ரூபாயிலா, இலங்கை ரூபாயிலா? இந்திய ரூபாயில் 3,040 என்றும் காட்டியது. நம் பணத்தில் தெரிகிறதே, நல்லதுதானே என்று தோன்றும். அந்த மாற்று விலையை வைப்பது அந்த இயந்திரத்துக்காரர்கள், அவர்கள் லாபம் அதிலேயே அடக்கம். அதற்கும் மேலே கட்டணம் போடும் நம் ஊர் வங்கிகளும் உண்டு. எந்த நாட்டில் நிற்கிறோமோ அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். கடைப் பையன் பழக்கத்தில் இந்திய ரூபாயை அழுத்தப் போனான், நான் நிறுத்தி, இலங்கை ரூபாய் என்றேன். எவ்வளவு பிடித்தார்கள் என்று செய்தி வந்ததும் எழுதுகிறேன்.

சாப்பாடு, பழம் 1,900. பனங்கட்டி, வறுத்த மிளகாய்த்தூள், பனையோலைப் பெட்டி 2,900. ஏறும் முன் எண்ணினோம்: 400 ரூபாய் மிச்சம். சில்லறை நாணயங்களை ஊரில் எந்தக் கடையும் மாற்றித் தராது, அதனால் அவற்றைக் கோயில் உண்டியலிலேயே போட்டுவிட்டாள்.

கப்பலில் கடைசி இரவு. மேல்தளத்தில் இன்னும் இரண்டு காபி குடித்தோம், விலை தெரிந்தே. அறையைக் கவனித்துக்கொண்ட பையனுக்கு அம்மா 500 ரூபாயைக் கையில் கொடுத்தாள். சேவைத் தொகை டிக்கெட்டிலேயே சேர்த்துக் கட்டியாயிற்று என்று சொல்லிப் பார்த்தேன். "அது கப்பலுக்குக் குடுத்தது. இது அந்தப் புள்ளைக்கு."

ஆறாம் நாள், ராயபுரம்

விடியற்காலை கதவுக்கு அடியில் இறுதிக் கணக்கு கிடந்தது. காபி இரண்டு தடவை 1,038.40, கடலை 177, படம் 1,062. மொத்தம் 2,277.40. என் நோட்டிலும் அதேதான். வரவேற்பு மேசையில் வரிசை படிக்கட்டு வரை நின்றது. பாதிப் பேர் கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு, இது என்ன, அது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு மூன்றாம் நாள் சாப்பிட்டது ஞாபகம் வரவில்லை. எங்களுக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. முன்பணத்தில் மிச்சம் 7,722.60, சில்லறைக்கு முழு ரூபாயாக 7,723 கொடுத்தார்கள். அம்மா மேசையிலேயே எண்ணினாள். பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

மதியம் வங்கிச் செய்தி வந்தது. சேலைக்கு, கட்டணம் எல்லாம் சேர்த்து 2,908. இயந்திரம் காட்டியதைவிட 132 ரூபாய் குறைவு.

டாலர் 150 மிச்சம். இப்போது திருப்பிக் கொடுத்தால் மண்ணடியில் 84க்குத்தான் எடுப்பார்கள். 2,000 டாலர் வரை கையில் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு, அதற்கு மேல் இருந்தால்தான் ஊர் திரும்பிய 180 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். அதனால் பீரோவில் வைத்துவிட்டேன். 400 இலங்கை ரூபாயை அம்மா தர மறுத்துவிட்டாள். அப்பாவின் பழைய துறைமுகப் பாஸ் இருக்கும் தகர டப்பாவில் அது போய்விட்டது.

துறைமுக வாசலிலிருந்து வீட்டுக்கு ஆட்டோ 150. அதைச் சுருக்குப்பையிலிருந்து அம்மா கொடுத்தாள்.

இப்போது ராத்திரி ஒன்பதரை. அம்மா கட்டிலில் உட்கார்ந்து மிச்சத்தை எண்ணுகிறாள். மாடிப் பக்கமிருந்து கப்பல் ஊதுகிறது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, எண்ணிக்கை தப்பிவிடும்.

7,573. விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டாள்.